கைமணம் என்று சொல்லாதீர்கள்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு நண்பர்கள் ஐந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். நான் பீட்சா செய்தேன். இரண்டு நாள் குளிர்பெட்டியில் கிடந்த மாவு, ஓவனுக்குள் ஒரு மணி நேரம் சூடேறிய இரும்புத் தகடு, கையால் நசுக்கிய தக்காளி. முதல் பீட்சா வெளியே வந்ததும் மூன்று கைப்பேசிகள் எழுந்தன. விளிம்பில் கருத்திருந்த கொப்புளங்களைப் பார்த்து ஒருவன், "டேய், வேலைய விட்டுட்டு கடை போட்டுடலாம்டா நீ" என்றான். இன்னொருவன் மாவில் தண்ணீர் எத்தனை விழுக்காடு என்று கேட்டான். சொன்னேன். அதற்கு மட்டும் ஏறக்குறைய இருபது நிமிடம் எடுத்துக்கொண்டேன்.

அவர்கள் கிளம்பியபோது மணி பதினொன்றரை. வழியனுப்பிவிட்டு உள்ளே வந்தால், அம்மா சிங்க்கின் முன்னால் நின்று பாத்திரத்தில் ஒட்டிக் காய்ந்துபோன மாவைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார். அதே சமையலறையில் அன்று மாலை அவர் தோசைக்கு மாவு அரைத்திருந்தார். என் தராசுக்கும் தகட்டுக்கும் மாவுப் பெட்டிகளுக்கும் நடுவே கிடைத்த ஒரு முழ இடத்தில். அந்த மாவில் தண்ணீர் எத்தனை விழுக்காடு என்று யாரும் கேட்கவில்லை. இருபத்தெட்டு வருடங்களாக நானும் கேட்டதில்லை.

இந்தக் கட்டுரை வீட்டில் பீட்சா செய்யும் ஆண்களுக்கு எதிரானது. முதலில் எனக்கு எதிரானது.

எங்களை எளிதில் அடையாளம் காணலாம். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது வீட்டுக்குள் அடைபட்டு, சமையலறையைக் கண்டுபிடித்தவர்கள் நாங்கள். எங்களிடம் 0.1 கிராம் வரை காட்டும் தராசு இருக்கும். தகட்டை நோக்கிச் சுட்டு வெப்பம் பார்க்கும் துப்பாக்கி போன்ற கருவி இருக்கும். ஒவ்வொரு மாவுக்கும் தேதி, நேரம், வெப்பம் குறித்த எக்செல் பட்டியல்கூட இருக்கும். உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியாது. அதற்கு அம்மாவைக் கூப்பிடுவோம்.

என் முதல் மாவு நன்றாக நினைவிருக்கிறது. நான் பின்பற்றிய செய்முறையை எழுதியவர் ஒரு குளிர்நாட்டுக்காரர். மாவைப் பிசைந்து 'அறை வெப்பத்தில்' 24 மணி நேரம் வைக்கச் சொல்லியிருந்தார். அவருடைய அறை 20 டிகிரி. கிள்ளானில் எங்கள் சமையலறை இரவு பத்து மணிக்கும் 30 டிகிரி. பத்து டிகிரி கூடினால் ஈஸ்டின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். மறுநாள் காலையில் பார்த்தால் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, பிறகு அமுங்கி, சாராய வாடையோடு பசை மாதிரி கிடந்தது.

அம்மா எட்டிப் பார்த்தார். ஒரு விரலால் தொட்டார். "ஈஸ்ட்ட கொறச்சுப் போடு தம்பி. கொஞ்ச நேரம் வெளிய வெச்சிட்டு பிரிட்ஜ்ல தூக்கி வை. பெசயறப்ப ஐஸ் தண்ணி ஊத்திக்க" என்றார்.

"அது வேறம்மா, இது வேற" என்றேன்.

பிறகு மூன்று இரவுகள் உட்கார்ந்து படித்தேன். ரொட்டி சுடுபவர்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது. பிசைந்து முடித்த மாவு என்ன வெப்பத்தில் இருக்க வேண்டுமோ அதை மூன்றால் பெருக்கு. அறையின் வெப்பம், உலர்ந்த மாவின் வெப்பம், பிசைவதால் ஏறும் வெப்பம் மூன்றையும் கழி. மிச்சம்தான் ஊற்ற வேண்டிய தண்ணீரின் வெப்பம். எனக்கு மாவு 24 டிகிரியில் வேண்டும். 72இலிருந்து அறைக்கு 30, மாவுக்கு 30, கையால் பிசைவதற்கு 4 கழித்தால் மிச்சம் 8. எட்டு டிகிரி என்றால் ஐஸ் தண்ணீர். ஈஸ்டைக் குறைப்பதும் குளிர்பெட்டியில் வைப்பதும் அதே பக்கங்களில் 'குளிர் நொதிப்பு' என்ற பெயரில் இருந்தன.

அம்மா ஒரு நிமிடத்தில் சொன்ன மூன்றும் சரி. ஆனால் அந்த வாரம் நண்பர்களிடம் நான் சொன்னது: "நம்ம ஊரு வெயிலுக்கு ஏத்த மாதிரி நானே மாத்திக் கண்டுபுடிச்சேன்." இத்தனை வருடமாக அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். அன்றைய சனிக்கிழமை எல்லாரும் அடித்துக்கொண்டு தின்ற பீட்சாவின் மேல் இருந்தது அம்மா மதியம் செய்து மிஞ்சிய நெத்திலிச் சம்பால். அதையும் 'என் சோதனை முயற்சி' என்றுதான் மேசையில் வைத்தேன். என் தொழிலில் வேறொருவரின் வரைபடத்தில் என் பெயரைப் போட்டுக் கொடுத்தால் வேலை போய்விடும்.

இந்தத் திருட்டு எப்படி இவ்வளவு சுலபமாக நடக்கிறது? அதற்குத் தமிழில் ஒரு சொல் துணை நிற்கிறது. கைமணம்.

அம்மா சமைத்தால் கைமணம், நான் சமைத்தால் செய்முறை. கேட்க இனிமையான சொல்தான். ஆனால் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். முப்பது வருடத் தோல்விகளும் திருத்தங்களும் சேர்ந்த அறிவை அது கையில் ஊறும் வாசனையாக்கிவிடுகிறது. மச்சம் மாதிரி பிறவியில் வந்தது. வாசனையை யாரும் கற்றுக்கொள்ள முடியாது, ஆகவே நாம் கற்க வேண்டியதில்லை. வாசனைக்குக் காரணம் கேட்க முடியாது, ஆகவே நாம் கேட்க வேண்டியதில்லை. இதைவிட மோசமானது ஒன்று உண்டு. அந்த மணம் அவர் கையில் மட்டுமே இருப்பதால் அவர்தான் எழுந்து சமைக்க வேண்டும். "உங்க கையால செஞ்சாத்தாம்மா ருசி" என்பது பாராட்டு மாதிரி இருக்கும். உண்மையில் அது வேலைப் பட்டியல்.

இலக்கியம் படிக்கும் நாமும் இதில் தப்பவில்லை. தமிழில் அம்மாவின் சமையல் பற்றிய கவிதைகளை ஒரு நாள் முழுக்க அடுக்கலாம். புகை இருக்கும், வியர்வை இருக்கும், அன்பைப் பிசைந்து ஊட்டும் விரல்கள் இருக்கும். மாவு ஏன் அன்று பொங்கவில்லை என்று யோசிக்கும் ஒரு மூளை அந்தக் கவிதைகளில் எங்கேயாவது இருக்கிறதா? அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' தொகுப்பு 1988இல் வந்தது. பரந்து விரிந்த வீட்டில் சமையலறை மட்டும் ஏன் மூலையில் இருட்டாக இருக்கிறது என்ற கேள்வி தமிழில் என் வயதைவிட மூத்தது. அதைப் படித்துவிட்டு, பாராட்டிவிட்டு, மறுபடியும் அடுப்பங்கரை ஏக்கக் கவிதைதான் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

சரி, கைமணம் என்ற சொல்லை எடுத்துவிட்டு இரண்டு மாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

என் பீட்சா மாவு இதுதான்: கோதுமை மாவு 600 கிராம், தண்ணீர் 390 கிராம், உப்பு 15 கிராம், உலர் ஈஸ்ட் 1 கிராம். பிசைந்து, ஒரு மணி நேரம் வெளியே வைத்து, நான்காகப் பிரித்து உருட்டி, ஒன்று அல்லது இரண்டு நாள் குளிர்பெட்டியில் விட வேண்டும். வேண்டிய ஈஸ்டைத் தொழிற்சாலை வளர்த்து, உலர்த்தி, பொட்டலம் கட்டித் தந்துவிட்டது. எழும் வாயுவைப் பிடித்து வைக்கக் கோதுமையின் பசையம் இருக்கிறது. நான் செய்ய வேண்டியது அளப்பதும் காத்திருப்பதும் மட்டுமே.

தோசை மாவில் இந்த இரண்டு வசதியும் கிடையாது. பொட்டலம் கிடையாது. அரிசியிலும் உளுந்திலும் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களே அதைப் புளிக்க வைக்கின்றன. லூக்கோனோஸ்டாக் என்ற பாக்டீரியா அவற்றில் முக்கியமானது. அரிசியில் பசையம் கிடையாது. உளுந்தின் புரதமும் வழவழப்பும்தான் வாயுவைத் தாங்குகின்றன. அதனால் உளுந்தை எவ்வளவு நேரம், எவ்வளவு தண்ணீர் விட்டு அரைப்பது என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. அரைக்கும்போது மாவு சூடாகக் கூடாது. அதற்குத்தான் ஐஸ் தண்ணீர். உளுந்து பழசா புதுசா, வெளியே மழையா வெயிலா, இரவு எட்டு மணிக்கு அரைத்ததா பத்துக்கா, எல்லாம் கணக்கில் வரும். பொறியியல் மொழியில் சொன்னால், என் மாவில் மாறுவது ஒன்றோ இரண்டோ. அம்மாவின் மாவில் குறைந்தது ஆறு. தராசு இல்லாமல், பட்டியல் இல்லாமல், வாரத்தில் மூன்று நாள், காலை ஆறு மணிக்குத் தட்டில் விழுந்தாக வேண்டும் என்ற கெடுவோடு அதைச் செய்கிறார்.

இந்த இரண்டில் கடினமானது எது என்று ஒரு முதலாண்டு மாணவனிடம் கேட்டாலும் சொல்லிவிடுவான்.

"அதெல்லாம் சரி, பீட்சாவுக்குப் பின்னால் ஒரு மரபு இருக்கிறதே, நேப்பிள்ஸ் கலைஞர்கள் இருக்கிறார்களே" என்று எங்கள் ஆட்கள் உடனே வருவார்கள். நேப்பிள்ஸ் பெயரைச் சொல்லி வாயடைப்பது எங்கள் பழக்கம். அங்கேயும் போய்ப் பார்ப்போம்.

நேப்பிள்ஸில் பீட்சா தெருவோர ஏழைகளின் உணவு. 1843இல் அலெக்சாண்டர் துமா தன் இத்தாலியப் பயண நூலில், அந்த ஏழைகள் கோடையில் தர்ப்பூசணியும் குளிர்காலத்தில் பீட்சாவும் தின்று வாழ்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். அவர்கள் அதை வீட்டில் சுடவில்லை. ஒற்றை அறை வீட்டில் விறகு அடுப்புக்கு எங்கே இடம்? ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் பதிவு செய்த நேப்பிள்ஸ் பீட்சா விதிகளின்படி அது விறகு அடுப்பில் 485 டிகிரியில் 60 முதல் 90 விநாடிக்குள் வெந்தாக வேண்டும். நம் வீட்டு ஓவன் 250 டிகிரியில் நின்றுவிடும். ஆக, 'வீட்டில் அசல் நேப்பிள்ஸ் பீட்சா' என்று ஒன்று அந்த விதிகளின்படியே கிடையாது. அந்த இல்லாத பொருளைத் துரத்தித்தான் நாங்கள் நூற்றுக்கணக்கான வெள்ளிக்குக் கருவிகள் வாங்குகிறோம்.

நேப்பிள்ஸ் வீடுகளில் பீட்சா செய்த ஆட்களே இல்லையா? இருந்தார்கள். பெண்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த வறுமையில் விறகு அடுப்பும் பாலாடைக்கட்டியும் எட்டாத விலையில் இருந்தபோது, அவர்கள் வீட்டு வாசலிலேயே எண்ணெய்ச் சட்டியை வைத்து மாவைப் பொரித்து விற்றார்கள். இன்று தின்றுவிட்டு எட்டு நாள் கழித்துக் காசு கொடுக்கலாம் என்ற கடன் ஏற்பாடும் இருந்தது. ஜூசெப்பே மரோத்தா 1947இல் வெளியிட்ட 'நேப்பிள்ஸின் தங்கம்' கதைகளில் இந்த உலகம் வருகிறது. 1954இல் விட்டோரியோ டி சிக்கா அதைப் படமாக்கியபோது சோபியா லோரன் பொரித்த பீட்சா விற்கும் பெண்ணாக நடித்தார்.

2017இல் யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டு மரபாக அறிவித்தது எதைத் தெரியுமா? நேப்பிள்ஸ் பீட்சாக்காரரின் கலையை. அதன் விளக்கத்தில் இருப்பது மாவு தயாரிப்பதும் விறகு அடுப்பில் சுடுவதும். வாசலில் எண்ணெய்ச் சட்டியோடு உட்கார்ந்திருந்தவள் அந்தச் சித்திரத்தில் இல்லை. அவள் செய்தது பிழைப்பு. அடுப்பின் முன் நின்றவன் செய்தது கலை.

நம் ஊரிலும் இதே கதைதான். மாமாக் கடையில் ரொட்டி சானாய் வீசுபவரை நின்று வேடிக்கை பார்க்கிறோம். அவர் கைக்கு அந்த மரியாதை தகும், அதில் சந்தேகமில்லை. வீட்டில் சப்பாத்தி தேய்க்கிறவரை யார் வேடிக்கை பார்க்கிறார்கள்? 2024இல் மலேசியக் காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது எல்லாரும் மகிழ்ந்தோம். நானும் பகிர்ந்தேன். அந்தத் தலைப்பை இப்போது மறுபடி படித்தால், அது பல்லினச் சமூகத்தின் 'உண்ணும் அனுபவம்' என்கிறது. நாம் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பசியாறுகிறோம். நல்லது. விடிவதற்கு முன்னால் எழுந்தவர்கள் யார்? வேறு மாதிரியும் எழுத முடியும். கொரியக் குடும்பங்கள் கூடி கிம்ச்சி போடுவது 2013இல் அதே பட்டியலில் ஏறியபோது, கிம்ச்சியைச் 'செய்வதும் பகிர்வதும்' என்றுதான் அதற்குப் பெயர் வைத்தார்கள். செய்வது என்ற சொல் அங்கே முதலில் வருகிறது.

இதை நண்பர்களிடம் பேசியபோது வந்த மறுப்புகளையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று: "ஆம்பள கிச்சனுக்குள்ள வந்ததே பெரிய விஷயம்டா." நாங்கள் வருவது சனிக்கிழமை மாலை, விருப்பப்பட்டு, விருந்தாளியாக. யார் சனிக்கிழமை சமைக்கிறார் என்பது கேள்வியே இல்லை. செவ்வாய்க்கிழமை யார் சமைக்கிறார்? பொழுதுபோக்குக்குத் தோற்கும் உரிமை உண்டு. என் மாவு கெட்டால் போனை எடுத்து ஆர்டர் போட்டுவிடுவோம், அதுவும் ஒரு சிரிப்புக் கதையாகும். அம்மாவின் மாவு கெட்டால் காலையில் வீட்டில் பசியாற ஒன்றும் இருக்காது. "இன்னிக்கு என்னம்மா ஆச்சு?" என்று நான்தான் முதலில் கேட்பேன்.

இரண்டு: "பொம்பளைங்களும்தான் பீட்சா செய்யறாங்க." செய்கிறார்கள். என் அலுவலகத்திலேயே ஒரு அக்கா என்னைவிட நன்றாகச் செய்வார். அவரைப் பற்றி மற்றவர்கள் சொல்வது, "பிள்ளைங்களுக்கு வகை வகையா செஞ்சு குடுக்கறாங்க." அதே மாவு, அதே தகடு. எனக்குக் கடை போடச் சொல்கிறார்கள், அவருக்கு நல்ல தாய் என்று சான்றிதழ் கொடுக்கிறார்கள்.

மூன்று: "அம்மாவுக்கே கைமணம்னு சொன்னா சந்தோஷம்தானே?" இதற்குத்தான் நான் அதிகம் யோசித்தேன். ஆமாம், அம்மா சிரிக்கத்தான் செய்கிறார். இத்தனை வருடத்தில் நாங்கள் கொடுத்த ஒரே கூலி அந்தச் சொல்தான் என்றால் அதை வாங்கிக்கொள்ளாமல் என்ன செய்வார்? வேறு ஒன்றைக் கொடுத்துப் பார்த்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்கலாம்.

பீட்சா செய்வதை விட்டுவிடச் சொல்கிறேனா? இல்லை. நான் விடப்போவதில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இரண்டு விஷயங்கள் மாற வேண்டும்.

முதலாவது, கற்றது யாரிடம் என்று சொல்ல வேண்டும். நான் முந்நூறு வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கிய ஆறு மில்லிமீட்டர் இரும்புத் தகட்டின் வேலை, வெப்பத்தைச் சேர்த்து வைத்து மாவின் அடிக்குச் சட்டென்று தருவது. எங்கள் வீட்டில் பாட்டி காலத்து வார்ப்பிரும்புத் தோசைக்கல் ஒன்று சும்மா கிடந்தது. வெப்பத்தைக் கடத்துவதில் அதற்கும் என் தகட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அடுப்பில் பத்து நிமிடம் கல்லை நன்றாகக் காயவைத்து, விரித்த மாவை அதில் போட்டு, சட்டென்று தக்காளியும் சீஸும் வைத்து, அடி சிவக்க இரண்டு மூன்று நிமிடம் விட்டு, அப்படியே கல்லோடு ஓவனின் மேல் சூட்டுக்குக் கீழே நான்கு நிமிடம் தள்ளினால் போதும். 250 டிகிரி ஓவனில் எனக்குக் கிடைத்த நல்ல பீட்சாக்களில் பாதி அதில் வந்தவை. புது இரும்பை எண்ணெய் தடவிக் காய்ச்சி ஒட்டாமல் ஆக்குவதற்கு நாங்கள் படிக்கும் பக்கங்களில் நீளமான விளக்கங்கள் இருக்கும். அம்மா அதைக் 'கல்லைப் பழக்கறது' என்பார். இரண்டே சொல்.

இரண்டாவது, முழு வேலையையும் எடுக்க வேண்டும். கடைக்குப் போவதிலிருந்து சிங்க் கழுவுவது வரை. மாவு ஒட்டிய பாத்திரத்தை முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறவிட வேண்டும், சுடுதண்ணீர் ஊற்றினால் இன்னும் இறுகிவிடும் என்று எந்தச் செய்முறையிலும் நான் பார்க்கவில்லை. எழுதியவர்கள் கழுவவில்லை போலிருக்கிறது.

அன்று இரவு, அந்தச் சனிக்கிழமை, கரண்டியை அம்மாவிடமிருந்து வாங்கிச் சுரண்டிக்கொண்டே தோசை மாவின் அளவைக் கேட்டேன். முதலில் "கண்ணளவுதான்" என்றார். நான் விடவில்லை. பிறகு சொல்ல ஆரம்பித்தார். நாலுக்கு ஒன்று. உளுந்து பழசாக இருந்தால் ஒரு பிடி கூட. மழை நாளில் வெளியே இன்னும் ஒரு மணி நேரம். உப்பை எப்போது போடுவது என்பதற்கு மட்டும் மூன்று விதி சொன்னார். என் பீட்சா நோட்டிலேயே எழுதினேன். நான்கு பக்கம் வந்தது. என் பீட்சா மாவு அரைப் பக்கம்.

எழுதி முடித்துப் பெருமையோடு படித்துக் காட்டினேன். அம்மா கேட்டுவிட்டு, "எழுதனது போதும். செவ்வாக்கெழம நீயே ஆட்டு" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்து ஊறவைத்ததில் எல்லாமே தாமதம். இரவு பதினொன்றுக்குத்தான் அரைத்தேன். ஐஸ் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேன். காலையில் மாவு புளித்து வழிந்திருந்தது. தோசை தட்டையாக, வெளிறிப்போய் வந்தது. யாரும் படம் எடுக்கவில்லை. அம்மா இரண்டு தின்றார். "அடுத்த வாரம் ஏழு மணிக்கே ஊறப்போடாம, காலையில போறப்பவே போட்டுட்டுப் போ" என்றார்.

நோட்டில் எழுதிக்கொண்டேன். தேதியோடு.